மிரர் கவர், ஸ்பாய்லர், கிளாடிங்: வீட்டில் அடித்த பிரைமர் தாள் மாதிரி உரிந்து வருகிறது

கருப்பு_கிளாடிங் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. காரின் வெளிப்பக்க பிளாஸ்டிக் பாகங்கள் சிலவற்றுக்கு ஸ்ப்ரே கேன் கொண்டு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க வேண்டும். பாகங்கள் இவை:

சைடு மிரர் கவர் இரண்டு. கழற்றியாகிவிட்டது, வழவழப்பான கருப்பு, உள்பக்கம் 'ஏ.பி.எஸ்.' என்று அச்சு இருக்கிறது. அடுத்து, டிக்கி மேல் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் ஸ்பாய்லர். புதிது, பெயின்ட் இல்லாமல் வந்தது, எந்த அச்சும் இல்லை. மூன்றாவது சக்கர வளைவைச் சுற்றி வரும் கிளாடிங். சொரசொரப்பான கருப்பு, வெயிலில் சாம்பலாக வெளுத்துவிட்டது. பின்னால் 'பி.பி.+இ.பி.டி.எம்.-டி20' என்று இருக்கிறது. கடைசியாக முன் கிரில்லில் ஓடும் குரோம் பட்டை.

சோதனைக்காகக் கிளாடிங்கின் உள்பக்கம் ஓரிடத்தை 400 நம்பர் சாண்ட் பேப்பரில் தேய்த்து, தின்னரில் துடைத்து, சாதாரண சாம்பல் பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் டேப் ஒட்டி இழுத்தால் பிரைமர் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. மிரர் கவரில் அதே பிரைமர் கெட்டியாக நிற்கிறது. ஆனால் தின்னர் துடைத்த இடத்தில் முடி போன்ற மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இரண்டுக்கும் காரணம் என்ன? எதை வீட்டில் செய்யலாம், எதைத் தொடாமல் விடலாம்?

---

பேப்பர்_600 பதில்:

பிரைமர் மேல் பழி போடாதீர்கள். இரண்டும் இரண்டு வேறு பிளாஸ்டிக், அவ்வளவுதான் விஷயம்.

கிளாடிங்கில் இருப்பது பாலிபுரொப்பிலீன், அதோடு ரப்பர். டி20 என்றால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது. பாலிபுரொப்பிலீன் மெழுகு மாதிரி. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளும், பெயின்ட்டும் அப்படியே பரவாமல் மேலே உட்கார்ந்திருக்கும். பேப்பர் போட்டுத் தேய்ப்பது கொஞ்சம் பிடிப்பைக் கொடுக்கும், ஆனால் இந்த பிளாஸ்டிக்கில் அது மட்டும் போதாது. உலர்வாகத் தேய்த்தால் வெட்டுப்படாமல் பஞ்சு போல் ரோமம் எழும்பும், அந்த ரோமம் கடைசிக் கோட் வரை தெரியும். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

இதற்கென்று இருப்பது அட்ஹீஷன் புரமோட்டர். அதில் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் ரெசின் இருக்கும். ஒரு முகம் பாலிபுரொப்பிலீனோடு சேரும், மறு முகம் பெயின்ட்டோடு சேரும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 'பிளாஸ்டிக் பிரைமர்' என்ற பெயரில் விற்பது எல்லாம் இது அல்ல. கேனில் 'பாலிபுரொப்பிலீனுக்கு' அல்லது 'டி.பி.ஓ.வுக்கு' (பாலிபுரொப்பிலீனும் ரப்பரும் கலந்த பிளாஸ்டிக்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் நிறமற்றதாகவோ லேசான வெள்ளி நிறத்திலோ இருக்கும். நிறம் தெரியவில்லையே என்று இன்னொரு கோட், இன்னொரு கோட் என்று போடுவதுதான் வழக்கமான தவறு. ஒன்று அல்லது இரண்டு மெல்லிய கோட் போதும். தடிமனானால் அந்த அடுக்கே பலவீனமாகி, அதன் நடுவிலிருந்து பிய்யும். அதன் மேல் பேப்பர் போடக் கூடாது. கேனில் சொன்ன நேரத்துக்குள், பல கேன்களில் 10 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், அடுத்த கோட் விழுந்துவிட வேண்டும். நேரம் தாண்டினால் லேசாகச் சொரசொரப்பாக்கி மறுபடியும் புரமோட்டரிலிருந்து ஆரம்பியுங்கள்.

மிரர் கவரில் தெரியும் கோடுகள் தின்னரின் வேலை. ஏ.பி.எஸ். என்ற கெட்டி பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும்போதே உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும். தின்னர், அசிட்டோன் மாதிரி வலுவான கரைப்பான் பட்டால் அந்த இழுவிசை நுண் வெடிப்பாக வெளிப்படும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 320-இல் தொடங்கி 600-இல் முடித்துத் தேய்த்துப் பாருங்கள். கோடு போய்விட்டால் ஃபில்லர் பிரைமர் அடித்துத் தொடரலாம். நகத்தை ஓட்டும்போது தட்டுப்பட்டால் கவரையே மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் எத்தனை கோட் போட்டாலும் சில மாதத்தில் அதே கோடு மேலே வரும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். காய்ந்த பிறகு மெழுகு-கிரீஸ் நீக்கியை ஒரு துணியில் எடுத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம்தான் பேப்பர். முதலில் தேய்த்துவிட்டு அப்புறம் துடைத்தால், அச்சு எண்ணெயும் பாலிஷ் சிலிக்கானும் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்த பின் மறுபடி சோப்பு, கடைசியில் ஐசோபுரொப்பில் ஆல்கஹால். தின்னர் இந்த வேலையில் எங்கேயும் வேண்டாம்.

ஸ்பாய்லர் எந்த பிளாஸ்டிக் என்று தெரிய, உள்பக்க விளிம்பில் ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் ஏ.பி.எஸ்.

---

உள்பக்க_அச்சு பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி, மிதக்கும் சோதனை மட்டும் பாதி உண்மை. சுத்தமான பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9 அளவு, அது மிதக்கும். ஏ.பி.எஸ். 1.05 அளவு, மூழ்கும். ஆனால் 20 சதவீதம் டால்க் சேர்ந்தால் பாலிபுரொப்பிலீனும் 1.04 பக்கம் வந்து மூழ்கிவிடும். இவருடைய கிளாடிங்கையே சீவிப் போட்டால் மூழ்க வாய்ப்பு அதிகம், 'ஏ.பி.எஸ்.' என்று நினைத்துப் புரமோட்டரை விட்டுவிடுவார். ஆக, மிதந்தால் நம்பலாம். மூழ்கினால் இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சோதனை: ஒட்டிய பின் கண்ணில் படாத உள்பக்கத்தில், பஞ்சுக் குச்சியில் அசிட்டோன் தொட்டு ஒரு புள்ளியில் சில விநாடி தேய்க்கவும். ஏ.பி.எஸ். உடனே பிசுபிசுக்கும், பஞ்சில் நிறம் ஏறும். பாலிபுரொப்பிலீன் சட்டை செய்யாது. (மேலே அசிட்டோன் வேண்டாம் என்றது உண்மைதான். ஒரு புள்ளி, உள்பக்கம், அவ்வளவே.)

மூன்றாவது வாய்ப்பும் உண்டு. அச்சு இல்லாத ஸ்பாய்லர் ஃபைபராகவும் இருக்கலாம். பின்பக்கம் இழை இழையாகத் தெரியும், தட்டினால் சத்தம் வேறு. அதற்குப் புரமோட்டர் வேண்டாம். ஆனால் மேற்பரப்பில் ஊசித்துளைகள் இருக்கும். ஸ்ப்ரே பிரைமர் அந்தத் துளையை மூடாது, சுற்றிலும் வளையம் போட்டு இன்னும் பெரிதாகக் காட்டும். நைஸ் பட்டியைப் பிளேடால் அழுத்தி இழுத்து, காய்ந்த பின் 320-இல் சமன் செய்துவிட்டுப் பிரைமருக்குப் போங்கள்.

சுத்தமானதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றி, படலம் உடையாமல் நிற்கிறதா என்று சோதிக்கும் பழக்கம் தகர வேலையில் உண்டு. பாலிபுரொப்பிலீனில் அது செல்லாது. எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். அதைப் பார்த்து மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருக்க வேண்டாம்.

---

அரை_ஓவர்லாப் பதில்:

அடிக்கும் முறை பற்றி யாரும் சொல்லவில்லை, அதை எழுதுகிறேன். மிரர் கவர், ஸ்பாய்லர் இரண்டுக்கும் பொருந்தும்.

நிறக் குறியீடு பெரும்பாலான கார்களில் கதவுத் தூண் ஸ்டிக்கரிலோ இன்ஜின் பக்கத் தகட்டிலோ இருக்கும். அந்தக் குறியீட்டுக்குக் கலந்து கேனில் அடைத்து வாங்குங்கள். முத்து வெள்ளை மாதிரி மூன்று அடுக்கு நிறமானால் அடிநிறம் ஒரு கேன், முத்து ஒரு கேன் என்று தனித்தனியாக வரும். முத்து எத்தனை கோட் என்பதைப் பொறுத்து நிறமே மாறும் என்பதால் ஒரு அட்டையில் ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று பட்டை பட்டையாக அடித்து வெயிலில் காரோடு வைத்துப் பாருங்கள்.

இரண்டு கவர், ஒரு நடுத்தர ஸ்பாய்லர் இவற்றுக்கு 400 மி.லி. கேன் கணக்கில் உத்தேசமாகப் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புக் கோட்) இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறம் ஒரே கேனில் முடிந்தாலும் முடியும். ஆனால் மூன்றாம் கோட்டின் நடுவில் கேன் துப்ப ஆரம்பித்தால் வேலை கெட்டுப் போகும். கால் பங்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த கேனுக்கு மாறுவது நல்லது.

சூடு 18 முதல் 25 டிகிரி இருந்தால் வசதி. பாகமும் கேனும் அதே சூட்டில் இருக்க வேண்டும். கேன் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தலாம். அடுப்பு, ஹீட் கன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

தூரம் 20 முதல் 25 செ.மீ. பாகத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பாகத்தைக் கடந்து வெளியே போய் விரலை எடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல் கையோடு சேர்த்து நகர்த்துங்கள். சுழற்றினால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் தூசியாகவும் விழும். விளிம்புகளை முதலில் அடித்துவிட்டு அப்புறம் சமதளத்துக்கு வாருங்கள். கூரான விளிம்பிலிருந்து பெயின்ட் பின்வாங்கும், தேய்க்கும்போதும் அங்கேதான் முதலில் அடி தெரியும்.

முதல் நிறக் கோட் பாதி மூடினால் போதும். முழுசாக மூட ஆசைப்பட்டால் வழியும். கோட்டுக்குக் கோட் 10 நிமிடம், மேற்பரப்பு மங்கலாகும் வரை பொறுங்கள். மூன்று கோட்டில் மூடிவிடும். மெட்டாலிக் என்றால் கடைசியாக ஒரு தூவல், 30 முதல் 35 செ.மீ. தூரத்திலிருந்து, அலுமினியச் செதில்கள் சீராகப் படிவதற்கு. மெட்டாலிக்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கவரைக் காரில் நிற்கும் அதே நிலையில் நிறுத்தி அடியுங்கள். படுக்கவைத்து அடித்தால் செதில் படியும் கோணம் மாறி, பொருத்திய பின் கதவோடு ஒப்பிட ஒரு சாயல் தள்ளித் தெரியும். இடது, வலது இரண்டையும் ஒரே நாளில், ஒரே கேனில், மாற்றி மாற்றி அடியுங்கள்.

தூசி பிளாஸ்டிக்கில் ஒட்டுவது உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து மின்னேற்றம் உண்டாவதால்தான். அடிக்கும் முன் ஐசோபுரொப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, ஒட்டும் துணியை அழுத்தாமல் மேலோட்டமாக இழுத்தால் போதும்.

கிளியர்: முதல் கோட் மெலிதாக, 10 நிமிடம் கழித்து நனைவாக இரண்டு. வழிந்தால் கைவைக்காதீர்கள். இறுகிய பின் 1500, 2000 வாட்டர் பேப்பரில் சமன் செய்து பாலிஷ் போட்டுவிடலாம். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் அடித்து 10, 15 நிமிடத்தில், இன்னும் ஈரம் இருக்கும்போதே எடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

---

கருப்பு_கிளாடிங்:

மிக்க நன்றி. அசிட்டோன் சோதனையில் ஸ்பாய்லர் பிசுபிசுத்தது, ஏ.பி.எஸ். தான். மூன்று சந்தேகம். (1) ஒரு பழைய கவரில் கிளியர் அடித்துப் பழகியதில் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டது, சில இடத்தில் வட்டமாகக் குழி விழுந்தது. (2) டூ-கே கிளியர் கேன் வாங்கலாமா? (3) கிளாடிங், குரோம் பட்டை பற்றி என்ன சொல்கிறீர்கள்?

---

பேப்பர்_600:

வெளுப்பு ஈரப்பதத்தால் வருவது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பாகத்தை உலர்ந்த, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் லேசான வெளுப்பு தானே தெளியும். தெளியாவிட்டால் ஈரம் குறைந்த நாளில் இன்னொரு மெல்லிய கிளியர் கோட் போட்டால் பழைய அடுக்கு மறுபடி இளகி, மாட்டிய ஈரம் வெளியேறும். ஹேர் டிரையரைப் பக்கத்தில் பிடித்துச் சூடேற்றினால் வெளுப்போடு கொப்புளமும் சேரும், பிளாஸ்டிக்கும் வளையும்.

குழி சிலிக்கான். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் எதுவோ ஒன்று அந்தக் கவரில் பட்டிருக்கிறது. அல்லது அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரோ தெளித்திருக்கிறார்கள். குழியை நிரப்புகிறேன் என்று மேலே கனமாக அடிக்காதீர்கள், குழி பெரிதாகும். காயவிட்டு, குழியின் அடிவரை தேய்த்து, கழுவி, மறுபடி நிறத்திலிருந்து வாருங்கள்.

கேனுக்குக் கேன் வகை மாற்றாமல் இருப்பதும் முக்கியம். அடியில் சிந்தெடிக் எனாமல், மேலே அக்ரிலிக் லாக்கர் என்றால் அடி அடுக்கு சுருங்கி முதலைத்தோல் மாதிரி ஆகும்.

---

கார்ட்ரிட்ஜ் பதில்:

டூ-கே கிளியர், அதாவது ஹார்ட்னர் (இறுக்கும் வேதிப்பொருள்) கலந்து இறுகும் கிளியர் பற்றி மட்டும். கேனின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்ட்னர் கலந்துவிடும். அதன் பிறகு கேனில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் ஓரிரு நாள், தீர்த்தாக வேண்டும். மிச்சம் வைக்க முடியாது. அதனால் எல்லா பாகமும் நிறம் முடிந்து தயாரான பின்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

பளபளப்பு, பெட்ரோல் தாங்குவது, வெயில் தாங்குவது எல்லாவற்றிலும் ஹார்ட்னர் இல்லாத சாதாரண ஒன்-கே கிளியர் இதற்குப் பக்கத்தில் வராது. பிரச்சினை ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட். சுவாசத்தில் போனால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். தூசி மாஸ்க் இதற்கு ஒன்றுமே செய்யாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கில் உள்ள சிக்கல், ஐசோசயனேட் வாசனை காட்டாது என்பதால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததே தெரியாது. வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்தான் தொழில்முறையில் சரியான ஏற்பாடு. அது வீட்டில் இருக்காது. தோல், கண் வழியாகவும் போகும்.

என் தீர்ப்பு: வீட்டில் ஒன்-கே கிளியர், மூன்று நான்கு கோட். நீடித்து உழைக்க வேண்டும் என்றால் நிறம் வரை நீங்கள் முடித்து, கிளியருக்கு மட்டும் பெயின்ட் பூத்தில் கொடுங்கள். எந்த நிறக் கேன், எப்போது அடித்தது என்று முன்பே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரும் மேலே கிளியர் போட மாட்டார்கள்.

ஒன்-கே ஆனாலும் மூடிய அறையில் வேண்டாம். கேனைத் தள்ளும் வாயு தீப்பற்றும். கேஸ் ஹீட்டர், பூஜை விளக்கு, எரியும் அடுப்பு இருக்கும் பக்கம் அடிக்காதீர்கள்.

---

உள்பக்க_அச்சு:

கிளாடிங்: கார் நிறத்தில் அடிக்காதீர்கள். டயர் வீசும் கல் நேராக அங்கேதான் படும், ஒவ்வொரு கல்லடியும் கருப்புப் புள்ளியாகத் தெரியும். சொரசொரப்பை மறைக்கக் கனமான பிரைமர் மூன்று நான்கு கோட் தேவைப்படும், வளையும் பாகத்தில் அது வெடிக்கும். இத்தனை வருடம் பூசிய பாலிஷ் சிலிக்கான் அந்தச் சொரசொரப்புக்குள் ஊறியிருக்கும்.

வெளுப்புதான் கவலை என்றால் டிரிம் பெயின்ட் என்று மங்கலான கருப்பில் மெலிதாகப் படியும் வகை இருக்கிறது. சாம்பல் நிறச் சொரசொரப்பு பேடில் சோப்பு வைத்து மூன்று முறை தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் புரமோட்டர் ஒரு கோட், டிரிம் பெயின்ட் இரண்டு மெல்லிய கோட். கிளியர் வேண்டாம். கல் பட்டாலும் அடியில் கருப்பே இருப்பதால் தெரியாது. ஹீட் கன்னால் சூடேற்றிக் கருப்பாக்கும் வித்தை கொஞ்ச நாளுக்குத்தான், மறுபடி வெளுக்கும்.

குரோம் பட்டை: பிளாஸ்டிக் மேல் செம்பு, நிக்கல், கடைசியில் மிக மெல்லிய குரோமியம். பளபளப்பு முழுசாகப் போய் மங்கும் வரை 320-இல் தேய்க்காவிட்டால் எந்தப் பிரைமரும் உரியும். எங்காவது குரோம் கிளம்பியிருந்தால் கெட்டியான விளிம்பு வரை சுரண்டி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் குரோமே பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும். செம்பு நிறம் தெரிந்த இடத்தை எபாக்ஸி பிரைமரால் மூடுங்கள். இவ்வளவு உழைத்தும் கிரில் கல்லடி வாங்கும் இடம். கருப்பு வினைல் ஒட்டுவதோ, உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பெயின்ட் அடிப்பதோ புத்திசாலித்தனம். ரப்பர் பெயின்ட் மெலிதாக அடித்தால் பின்னால் துண்டு துண்டாகத்தான் உரியும். ஐந்து ஆறு கோட் போட்டால் ஒரே தாளாக வரும்.

கிரில் வேலை செய்யும்போது நடு எம்பளத்தைப் பாருங்கள். முன்னால் போகும் வண்டியின் தூரத்தைப் பார்க்கும் க்ரூஸ் ரேடார் அதன் பின்னால் இருக்கும் கார்களில் எம்பளத்தில் பெயின்ட் கூடாது. மெட்டாலிக்கில் உள்ள அலுமினியம் ரேடார் அலையைத் தடுக்கும். பார்க்கிங் சென்சார் முகத்திலும் கனமாக அடித்தால் தவறான எச்சரிக்கை அடிக்கும்.

---

அரை_ஓவர்லாப்:

ஸ்பாய்லரில் ஒன்று விட்டுப்போனது. டேப் ஒட்டும் பள்ளத்தைப் பிரைமருக்கு முன்பே மாஸ்க் செய்துவிடுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் டேப் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பாய்லரை அல்ல, கேன் பெயின்ட்டை.

பெயின்ட் வேலை முடிந்து ஒரு நாளுக்கு மேல் ஆனதும், உள்பக்கம் அதே முறையில் அடித்த ஓரிடத்தில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு போட்டு, டேப் ஒட்டி நகத்தால் அழுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் சாய்வாக ஒரே இழுப்பில் எடுங்கள். கோடு ஓரத்தில் பொடி மட்டும் வந்தால் பரவாயில்லை. கட்டம் கட்டமாக வந்தால் ஒட்ட வேண்டாம், எந்த அடுக்கிலிருந்து பிரிந்தது என்று டேப்பின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். பிரைமரோடு வந்தால் பிளாஸ்டிக் சுத்தமில்லை. நிறம் மட்டும் வந்தால் பிரைமரைத் தேய்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது நேரம் தாண்டியிருக்கிறது.

ஒட்டும்போது டிக்கியில் மெழுகு இல்லாமல் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடைத்து, நிலையை மாஸ்கிங் டேப்பால் குறித்துக்கொண்டு, டேப் முழு நீளத்துக்கும் அழுத்துங்கள். அக்ரிலிக் ஃபோம் டேப் முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். அதுவரை கார் கழுவ வேண்டாம், வேகமாகவும் ஓட்ட வேண்டாம். பிரஷர் வாஷ் ஒரு மாதம் கழித்து. அப்போதும் நாசிலைப் பெயின்ட் விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

---

கருப்பு_கிளாடிங்:

முடிவு: கவர், ஸ்பாய்லர் இரண்டுக்கும் நிறம் வரை வீட்டில், கிளியர் பூத்தில். கிளாடிங்குக்கு டிரிம் பெயின்ட், குரோமுக்கு வினைல். கோடு விழுந்த கவரை 600-இல் முடித்தாயிற்று, நகத்துக்குத் தட்டவில்லை. மிரர் கவரில் இண்டிகேட்டர் பட்டையை மாஸ்க் செய்வதா, கழற்றுவதா?

---

பேப்பர்_600:

கழற்றுங்கள். மாஸ்க் செய்தால் அந்த இடுக்கில் பெயின்ட் சேர்ந்து, பொருத்திய பின் ஓரம் உரியும். உள்பக்கம் இரண்டு திருகோ கிளிப்போ இருக்கும். கிளிப் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு நெம்புங்கள், குளிர்ந்த பிளாஸ்டிக்கில் கிளிப் உடையும்.

வினைலுக்கும் குரோமை மெழுகு நீக்கியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.